ஏலக்காய் ஸ்டோருக்குள் என் கிளஸ்டர்

போடிமெட்டில் என் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். அதனால் மூன்று சின்னக் கணினிகளை இணைத்து அமைத்த கன்டெய்னர் எனும் மென்பொருள் பொதிகளை ஓட்டும் கிளஸ்டரை, பக்கத்துத் தோட்டத்து ரபீக்கின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைத்தேன். அப்போது அங்கே அடுப்பு எரியவில்லை.

ஒன்று நின்றால் அதன் வேலையை மற்றவை எடுத்துக்கொள்ளும். வேலைக்குப் போகும் வழியில் ஜீப் விபத்தில் சிக்கித் தப்பிய தோட்டப் பெண்கள் என்னை நம்பிப் பேசிய பதிவுகள் அதில்தான் இருக்கின்றன. வேறு நகல் இல்லை.

இன்று போடி பஸ்சில் இருந்தபோது, ஒரு கணினி நின்றுவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. ரபீக்கை அழைத்தேன்.

“தம்பி, ஸ்டோர்ல அடுப்பு பத்த வச்சிருக்கியா?”

“ஆமாண்ணே. நனைஞ்ச காயி, வெரசா காயணும்ல. ஒங்க பெட்டியும் சேந்து காயுது.”

“அத வெளிய எடுப்பா.”

“கை வைக்க முடியலண்ணே, கொதிக்குது.”

மூன்றும் இப்போது என் மேசையில் ஆறிக் கிடக்கின்றன. சுவிட்சைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. போடிமெட்டுப் பக்கம் யாராவது இருந்தால் வந்து போட்டுவிடுங்கள். நான் வாசலில் நிற்கிறேன்.