மீட்டரக்கா உட்கார்ந்த நாள்

துணிக்கடையில் அவளுக்குப் பேரே மீட்டரக்காதான். வலது கை விரல் நுனியிலிருந்து இடது தோள்வரை துணியை இழுத்துப் பிடித்தால் சரியாக ஒரு மீட்டர். இரும்பு அளவுகோல் பொய் சொன்னாலும் சொல்லும், அவள் கை சொல்லாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். தரை கூட்ட வந்து, யார் சிபாரிசும் இல்லாமல் திரைத்துணிப் பிரிவுக்கே தலைவியானவள். இருபத்தேழு வருஷம் நின்றே உழைத்தவள். இந்தக் கடைத்தெருவில் இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்!

அதனால்தான், கடை ஊழியர்களுக்கு இருக்கை கேட்டுக் கூட வேலை செய்யும் பெண்கள் கையெழுத்து வாங்க வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"உக்காந்துக்கிட்டு வியாபாரம் பண்ணவாடி வந்தீங்க? நானெல்லாம் கல்லுத்தூண் மாதிரி நின்னவ!"

பில் போடும் பெண் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்துக் காட்டினாள். இருபத்திரண்டு வயசுக் காலில் நீல நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. அதே நரம்பை மீட்டரக்காவும் தன் காலில் எத்தனை வருஷமாக மறைத்து வைத்திருக்கிறாள்! பேனாவைப் பிடுங்கி, எல்லாருக்கும் மேலே கொட்டை எழுத்தில் போட்டாள் கையெழுத்தை.

ஊர் ஊராகச் சேர்ந்த கையெழுத்துகள் சட்டசபை வரை போயின. சட்டமும் வந்தது. முதலாளி பன்னிரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். போட்ட கையோடு, "உட்கார்ந்தால் அளவு தப்புகிறது, எங்கள் ஆட்களுக்கே பிடிக்கவில்லை, சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும்" என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதியும் போட்டார். அங்கிருந்து ஒரு அதிகாரியம்மா வந்து நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால் ஸ்டூல் திரும்பிப் போய்விடும்.

அதிகாரியம்மா வந்த அன்று காலை பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்ததுதான் தாமதம், பன்னிரண்டு பேரும் விசுக்கென்று எழுந்து நின்றுவிட்டார்கள். கதவு திறந்தால் எழ வேண்டும் என்பது உடம்பில் ஊறிய பழக்கம். மீட்டரக்காவும்தான் நின்றாள்!

"பாத்தீங்களாம்மா? ஒருத்தருக்காவது உக்கார மனசு வருதா?" முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். மீட்டரக்காவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஸ்டூலைக் காலால் இழுத்து, முதலாளிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"மேடம், கொஞ்சம் எழுதாதீங்க. எந்திரிச்சது நாங்க இல்ல, எங்க பயம்."

"அக்கா, எந்திரிங்க," முதலாளி பல்லைக் கடித்தார்.

"நான் எந்திரிக்கல முதலாளி. உக்காந்தா அளவு தப்பும்னுதானே எழுதிக் குடுத்தீங்க? எத்தனை மீட்டர் வேணும், சொல்லுங்க."

"ஆறரை," என்றார் அதிகாரியம்மா.

உட்கார்ந்தபடியே துணியை இழுத்தாள். ஆறு இழுப்பு, அரை இழுப்பு, கத்தரி ஒரே ஓட்டம். அதிகாரியம்மாவே அளவுகோல் வைத்துப் பார்த்தார். ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பில் போடும் பெண் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு ஸ்டூலும் நிரம்பிவிட்டன.

அதிகாரியம்மா நின்றபடியே எழுதினார்: விலக்கு இல்லை.

"ஏன் முதலாளி நின்னுக்கிட்டே இருக்கீங்க? இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போடுங்க," என்றாள் மீட்டரக்கா. இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாகக் காலை நீட்டிக்கொண்டாள்.