எதிர்வரிசை விலை

விலை கேட்பதற்கு முன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். தலையைக் கோதிக்கொள்கிறார். பிறகுதான் கணினியில் வண்டி எண்ணைத் தட்டுகிறார். "கொஞ்சம் நேரா உக்காருங்க சார், கம்பெனிக்கு நம்ம மேல ஒரு மரியாதை வரட்டும்" என்று எனக்கும் உத்தரவு. நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். அப்படியும் என் பழைய காருக்குப் பிரீமியம் கூடிவிட்டது. என் முதுகுதான் காரணம் என்பதுபோல் பார்த்தார்.

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் கார் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் இவர். முன்பெல்லாம் அரசாங்கம் வைத்ததுதான் விலை. எந்தக் கம்பெனியில் கேட்டாலும் ஒன்றே. சுவரில் மாட்டிய அட்டையை விரலால் காட்டுவார், வேலை முடிந்தது. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அவரவர் விலையை அவரவர் வைத்துக்கொள்ளலாம், போட்டி வந்தால் தானாக இறங்கும் என்றார்கள். சிலருக்கு இறங்கவும் செய்தது. காரை உறை போட்டு மூடிவைத்து, துடைப்பதற்கு மட்டும் திறக்கிற ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் பாதியாகிவிட்டது. தினமும் ஓட்டிப் பிழைப்பவர்களுக்குத்தான் விழி பிதுங்குகிறது.

கம்பெனிகள் எதைப் பார்த்து விலை வைக்கின்றன என்று கேட்டுவிட்டால் போதும், மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிடும். "எதை சார் பாக்கல? வயசு, வேலை, வண்டி நிக்கிற எடம், பக்கத்து வீட்டுக்காரன் எங்க போய் இடிச்சான், எல்லாத்தையும் நோண்டுறான். எனக்குப் பொண்ணு குடுத்த மாமனார்கூட இவ்வளவு விசாரிக்கல!"

மாமனார் விசாரித்திருக்கலாம். இவருடைய கம்பெனி எங்கள் தெருவை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறது. இவர் வீட்டு வரிசையில் விபத்து அதிகமாம். எதிர்வரிசையில் மகா சாதுக்களாம், அங்கே விலை பாதி. நேர் எதிரே மனைவியின் தம்பி வீடு. முகவரியை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பொய் சொல்ல இவருக்கு வராது. "பாரத்துல தூங்குற எடம்தான் வீடுன்னு போட்டிருக்கான்" என்று தலையணையோடு மச்சான் வீட்டுக்கே குடிபோய்விட்டார்.

அன்றிலிருந்து மனைவி இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம். காலையில் வாசலில் நின்று, "சாப்டியா?" என்று கத்துவார். வண்டிகளின் இரைச்சலில் அந்த அம்மாளின் பதில் பாதிதான் கேட்கும். கேட்கிற பாதியே நன்றாக இருக்காது. எனக்கு அந்த அம்மாளை நினைத்தால் பாவமாக இருக்கும். சிரிப்பும் வரும், அதற்காக வெட்கமும் வரும்.

நேற்று அவருடைய சொந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நாள். பழைய விலையையும் தாண்டி நின்றது. மனைவியைப் பிரிந்து வாழும் ஆண்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள் என்று கம்பெனி புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறது. "நான் எங்கய்யா பிரிஞ்சேன்? எதிர்லதானே இருக்கேன்!" என்று திரையோடு மல்லுக்கு நின்றார்.

மாலையில் இன்னொரு கம்பெனி போனில் வந்தது. எதிர்வரிசையிலேயே இந்த வருஷம் முழுக்க இருப்பதாகச் சொன்னால் பாதி விலை. இப்போதே சம்மதம் சொல்ல வேண்டும். மச்சான் வீட்டு வாசலில் நின்று யோசித்தார். இந்தப் பக்கம் அந்த அம்மாள் கதவைப் பிடித்தபடி குரல் கொடுத்தார்:

"இன்னிக்குத் தாழ்ப்பா போட்டா அப்புறம் தொறக்க மாட்டேன். வர்றதுன்னா இப்பவே வாங்க. இல்லன்னா உங்க கம்பெனிக்கே புருஷனா இருந்துக்குங்க!"

போனில் யாரோ "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனை மச்சான் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்த் தலையணையோடு வந்தார். ஊருக்கெல்லாம் விபத்தைச் சொல்லிப் பயம் காட்டுகிற மனிதர், இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே தெருவில் இறங்கிவிட்டார்.