ஸ்டிரைக் நடந்த கல்லூரி

போன ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதம் மாமாவின் பேத்தி ஜெனிபர் கவரைப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, மூன்று கல்லூரிகளின் வழவழப்பான புத்தகங்களை என் மேஜையில் பரப்பினாள். கூடவே எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான ஒரு விண்ணப்பம். பெயர் இல்லை, பாடம் இல்லை, கல்லூரி இல்லை. கடைசிப் பக்கத்தில் பாதுகாவலர் கையெழுத்து மட்டும் கம்பீரமாக இருந்தது.

"தாத்தா போட்டுக் குடுத்துட்டாரு அங்கிள். மிச்சத்த நீங்களே எழுதிக்குவீங்களாம்."

அவள் படிக்க விரும்புவது தொழிலுறவுப் பட்டம். அதாவது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கான படிப்பு. நானும் அதைத்தான் படித்தேன். புத்தகத்தைப் பிரித்ததும் அச்சு மை வாசனை குப்பென்று வந்தது. மூன்று அட்டையிலும் கோட்டுப் போட்ட ஒருவர், ஹெல்மெட் போட்ட ஒருவரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், அப்படியொரு கைகுலுக்கலைக் கண்ணால் கண்டதில்லை.

எனக்குக் கல்லூரி தேடியது புத்தகம் இல்லை, ஒரு சங்கம். தொழிற்பேட்டையில் இருந்த இரும்பு உருக்காலையில் என் நைனாவுக்கு உலைப் பக்கம் வேலை. ஏசுபாதம் மாமா கிரேன் ஆபரேட்டர், சங்கச் செயலாளரும் அவர்தான். ஒருமுறை இங்கிலீஷில் இருந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில் இரவு ஷிப்டுக்கு இருந்த கேன்டீன் பறிபோனது. அன்றிலிருந்து மாமா எந்தக் காகிதத்தையும் வரிக்கு வரி இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் பேனாவைத் தொடமாட்டார். ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டாலும் அதே கதைதான். "இன்னா எழுதிக்கிறான்னு படி. மறுக்கா படி" என்பார். பின்னால் வரிசையே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

நம்ம ஆள் ஒருத்தன் படித்து வந்தால் இந்தப் பேஜாரு தீரும் என்று ஆலை வாசலில் கூடிய கேட் மீட்டிங்கில் முடிவானது. என்னை அனுப்புவதென்று கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். படிக்கப்போகிறவனின் கையை யாரும் எண்ணவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அப்போது கம்ப்யூட்டர் படிக்க ஆசை. அது மினிட்ஸ் நோட்டில்கூட ஏறவில்லை.

கல்லூரி பார்ப்பதற்கும் மாமாவிடம் ஒரு முறை இருந்தது. கம்பெனி எப்படி என்று தெரிந்துகொள்ள யாராவது மேனேஜரையா கேட்பார்கள்? வாட்ச்மேனைத்தான் கேட்பார்கள். கல்லூரிக்கும் அதே சட்டம். முதலில் போனது நெடுஞ்சாலையோரம் கண்ணாடி பதித்த ஒரு புதுக் கல்லூரி. உள்ளே பிரின்சிபால் காபியோடு காத்திருக்க, மாமா கேட்டிலேயே விசாரணையை ஆரம்பித்தார்.

"எத்தினி மணி நேரம் டூட்டி?"

"பன்னெண்டு."

"வார லீவு?"

வாட்ச்மேன் சிரித்தார்.

"பி.எஃப். புடிக்கிறாங்களா?"

"அது இன்னாதுண்ணா?"

மாமா நைனாவின் பக்கம் திரும்பினார். "வா போலாம். கேட்டாண்டயே சட்டத்தக் காணோம், கிளாஸ்ல இன்னாத்தச் சொல்லித் தரப்போறான்?"

அடுத்தது சென்னையில் ஒரு பழைய கல்லூரி. நாங்கள் போன அன்று வாசலில் ஷாமியானா போட்டுப் பேராசிரியர்கள் ஸ்டிரைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். மாமாவுக்கோ பெண் பார்க்க வந்த இடத்தில் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் நைனா. கொஞ்ச நேரத்தில் கோஷம் போடும் பொறுப்பே மாமாவிடம் வந்துவிட்டது. பாவம், பேராசிரியர்களுக்கு அடிவயிற்றிலிருந்து கத்திப் பழக்கமில்லை.

"இதான்டா காலேஜு. வாத்தியாருங்களே பிராக்டிகல் காட்டிக்கினு கீறாங்க" என்றார்.

அங்கேயே சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் பாதி நாள் வகுப்பே நடக்கவில்லை. பிராக்டிகல்தான் ஓடியது.

பட்டம் வாங்கியதும் அதே உருக்காலையில், ஆள் நிர்வாகம் பார்க்கும் பர்சனெல் ஆபீசில், எனக்கு மேஜை கிடைத்தது. மேனேஜ்மென்ட் தரப்பு மேஜை. சங்கம் அதற்கும் மாலை போட்டது. உள்ளேயே நம்ம ஆள் இருக்கிறான் என்று கேட்டில் பேசினார்கள். சில வருஷத்தில் ஆலையை மூடப்போகிறார்கள் என்று ஆனது. சங்கம் வழக்குப் போட்டது. 'நானாகவே விலகிக்கொள்கிறேன்' என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டிய கடிதத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. நல்ல தமிழில் எழுதினேன், அதில் எனக்குப் பெருமை வேறு. ஆறாவது வரியில், அந்த வழக்கையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது.

வரிசையில் முதல் ஆளாக மாமா வந்து நின்றார்.

"யார்ரா எழுதுனது?"

"நான்தான் மாமா."

"அப்பால இன்னாத்துக்கு அதப் படிக்கச் சொல்லிக்கினு? பேனாவக் குடு."

இருங்க மாமா, வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேனாவைக் கொடுத்தேன். அவர் போட்டதைப் பார்த்துப் பின்னால் இருந்த அத்தனை பேரும் போட்டார்கள், என் நைனா உட்பட. உருக்காலை வரலாற்றிலேயே அன்றுதான் வரிசை அவ்வளவு வேகமாக நகர்ந்தது. வழக்கு ஒன்றுமில்லாமல் போன பிறகும் மாமா என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அந்த இடத்தில் ஒரு பார்சல் கிடங்கு. கேட் மீட்டிங் நடந்த மண்ணில் வேன்கள் ரிவர்ஸ் எடுக்கின்றன. கேட்டில் வாட்ச்மேன் இல்லை, முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதனிடம் வார லீவு உண்டா என்று கேட்க முடியாது.

ஜெனிபரின் விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினேன். அந்தக் கையெழுத்து நம்பிக்கையா, நக்கலா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"வேற ஃபாரம் வாங்கி மொதல்ல எல்லாத்தையும் எழுதும்மா. அப்புறம் தாத்தாவுக்கு வரிக்கு வரி ரெண்டு தடவ படிச்சுக் காட்டு. அவரு சரின்னா கையெழுத்து வாங்கு."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"தாத்தாவுக்கா? அவரு எதையுமே படிக்கச் சொல்ல மாட்டாரே அங்கிள். எத நீட்டுனாலும் போட்டுக்கினே இருப்பாரு."