மேகத்தை வாணாம் என்ற பிள்ளைகள்

என் அக்கா மகள் ஹரிதா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி, அனிமேஷன் படித்தாள். அவள் நைனா, என் அக்கா வீட்டுக்காரர், குவைத்தில் டிரைவர். அவர் அனுப்பிய லேப்டாப்பில்தான் எல்லா வேலையும். நான் புத்தூரில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன்.

கடைசி வருடம், பூமி ஏன் சூடாகிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு படம் செய்தாள். மரம் வெட்டுகிறார்கள், புகை விடுகிறார்கள், மேகம் கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த மேகத்துக்கு, பின்பக்கம் நசுங்கிய என் டேங்கரைப் பார்த்துத்தான் உருவம் வரைந்தாள்.

"பின்னாடி நசுங்கல் எதுக்குடி? அத விட்டுடு."

"மாமா, அதான் அழகே. நீ வண்டிய நவுத்தாம இரு."

படத்தை ஒரு பள்ளியில் போட்டுக்காட்ட வேண்டும். என்ன புரிந்தது என்று பிள்ளைகளே சொல்வதை வீடியோ எடுத்துக் கொடுத்தால்தான் மார்க். தவறினால் ஒரு வருடம் போச்சு, பெங்களூரில் கிடைத்த வேலையும் போச்சு.

நாராயணவனம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கே டேங்கரில் அழைத்துப் போனேன். ஒன்றாம் வகுப்பு. ஆந்திரா என்றாலும் வீட்டில் தமிழ், பள்ளியில் இப்போதுதான் தெலுங்கு எழுத்து. படம் தெலுங்கில் ஓடியது. கடைசியில் படத்துப் பிள்ளைகள் கைதட்டி, "வானா! வானா!" என்று மேகத்தைக் கூப்பிட்டார்கள். தெலுங்கில் அது மழை. எங்கள் வீடுகளில் வாணா என்றால் வேண்டாம்.

முன்னால் இருந்த வள்ளி எழுந்துவிட்டாள்.

"ஏண்டா வாணான்றீங்க? பாவம், அதுவே இப்பத்தான் வருது!"

வகுப்பே திரையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தது. ஹரிதாவுக்கு முகம் செத்துப்போச்சு, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு வருசம் தெலுங்குலயே பேசிக்கினு இருந்தேன் மாமா. நம்ம வீட்டுப் பேச்சே மறந்துபோச்சு."

எனக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டேன்.

வள்ளி விடவில்லை. திரைக்கிட்டப் போய் மேகத்திடம் சொன்னாள்: "அவங்க கெடக்கறாங்க. நீ வா, வந்து துன்னுட்டுப் போ. மரத்த வெட்ட மாட்டோம்."

ஹரிதா அழுகையை நிறுத்தி, போனை எடுத்தாள். "இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு."

அந்தக் குரல் இப்போது படத்திலேயே இருக்கிறது. படத்துப் பிள்ளைகள் வானா என்கிறார்கள். மேகம் அதை வாணாம் என்று எடுத்துக்கொண்டு முகம் வாடித் திரும்புகிறது. குட்டிப் பெண் ஒருத்தி ஓடிவந்து, துன்னுட்டுப் போ என்கிறாள். மழை கொட்டுகிறது. மறுவாரம் போட்டபோது, மரம் இருந்தால் மேகம் கோபிக்காது என்று பிள்ளைகள் ஆளாளுக்குச் சொன்னார்கள். கல்லூரியில் பரீட்சை வைத்தவர்களும் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்களாம்.

ஹரிதா பெங்களூர் போய்விட்டாள். பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுபோனால், "மேகம் வந்துச்சுடோய்!" என்று பிள்ளைகள் பின்பக்கம் ஓடி அந்த நசுங்கலைத் தடவிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் ஷெட்டில் மெக்கானிக் எத்திராஜ் நசுங்கலைப் பார்த்து, "தட்டி நிமித்திடட்டாண்ணே?" என்றான்.

"வாணாம்," என்றேன்.