துப்புகிற உத்தியோகம்

இங்கே காலை பத்து மணிக்குக் கழுத்துப்பட்டி கட்டிய ஆறு கனவான்கள் மரத்தூள் நிரப்பிய பெட்டியைச் சுற்றி நின்று துப்புகிறார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் வெற்றிலை என்று நினைப்பார்கள். இல்லை, வைன். லண்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், நிலத்துக்கடியில் உள்ள ஒரு வைன் களஞ்சியத்துக்கு நான் போத்தல் கழுவ வந்து இது மூன்றாவது குளிர்காலம். முதல் தடவை இந்தக் காட்சியைக் கண்டபோது, வைன் பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்து, மிச்சப் போத்தலைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்குள் ஊற்றப் பார்த்தேன். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அன்றைக்கு வந்ததில் அதுதான் ஆகத் திறமானது என்று பிறகுதான் சொன்னார்கள். நாள் முழுக்கச் சுவைத்துத் தரம் பார்க்கிறவர்கள் வெறி ஏறாமலிருக்கத்தான் துப்புகிறார்களாம்.

அவர்கள் சுவைக்கும் அறையின் சுவரில் ஒரு உலகப் படம் தொங்குகிறது. உலகத்தில் எங்கெங்கே வைன் செய்கிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் படித்தேன். பிரான்சின் மேற்கே போர்தோ. நம்முடைய ஆட்கள் அங்கே ஆமணக்குக்கூட நட மாட்டார்கள், நிலமெல்லாம் அப்படிக் கூழாங்கல். பேர்போன சிவப்பு வைன் அங்கேதான் விளைகிறது. கிழக்கே பேர்கண்டியில் காணிகள், யாழ்ப்பாணத்தில் சகோதரங்கள் சண்டைபிடித்துப் பிரித்த வளவு மாதிரித் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் விளைந்ததற்கு ஒரு பெயர், அந்தப் பக்கம் விளைந்ததற்கு வேறு பெயர். வடக்கே ஷாம்பேனில் மண்ணுக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு. ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் ஆள் நிற்க முடியாத சரிவில் திராட்சைக் கொடி நிற்கிறது. ஸ்பெயினில் ஷெரி என்கிற வைன் வரும் ஹெரெஸ். எங்களுக்குக் கதிரை, அலுமாரி என்ற சொற்களைத் தந்துவிட்டுப் போன போர்த்துக்கேயரின் நாட்டில், டூரோ ஆற்றோரம் பாறையை வெட்டிப் படிபடியாகத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். தென்னாபிரிக்கா, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா என்று குடியேறப் போனவர்கள் கொடியையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீரும் கொழுத்த மண்ணும் கூடினால் வைன் சப்பென்று போய்விடுமாம். எங்கள் ஊர் அக்கராயன் குளத்து வாய்க்காலில் தண்ணீர் முறைக்காக அயலவனோடு கத்திய வீட்டிலிருந்து வந்த எனக்கு, இதை நம்பக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அந்த ஆறு பேருக்கும் தலைவர் மிஸ்டர் பெல். போத்தல்களோடு கழுவ வரும் பீப்பாய்களை மணத்தை வைத்தே நான் ஊர் பிரித்துச் சொல்வதைக் கவனித்திருக்கிறார். சுவைக்கும் அறைக்கு உதவியாளர் ஒருவர் தேவை, உம்மைச் சோதித்துப் பார்ப்போம் என்று கூப்பிட்டார். ஒரே கிளாஸ் எல்லார் கையும் மாறி என்னிடம் வந்தது. எச்சில் படக்கூடாது என்று அண்ணாந்து, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றினேன்.

"உமக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்.

"நல்ல சுகம்."

"பின்னே ஏன் மருந்து குடிக்கிற மாதிரிச் செய்கிறீர்? மூக்கு கிளாசுக்குள் போகவேண்டும்."

ஆறு பேருடைய வாய் பட்ட கிளாசுக்குள் மூக்கை விட்டேன். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே பாலைப்பழ மணம் வந்தது, காய்ந்த குளத்தில் முதல் மழை விழுந்த மணமும் வந்தது. இங்கிலீசில் சொல்லத் தெரியாமல் "எங்கள் காட்டுப் பழம் ஒன்று" என்றேன். மிஸ்டர் பெல் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒரு துளியும் விழுங்காமல் ஐந்து வைனில் நாலுக்குச் சரியாக ஊர் சொன்னேன். வேலை உமக்குத்தான் என்றார். நான் ஒரு மாதத் தவணை கேட்டேன், அம்மாவிடம் கேட்கவேண்டும் என்று.

"உமக்கு என்ன வயது?"

"முப்பத்தொன்று."

அவர் மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். எனக்கு வெட்கம் வரவில்லை. அம்மாவின் தம்பி குடித்தே செத்தவர். நான் புறப்பட்ட அன்று கிளிநொச்சி ஸ்டேசனில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன கஷ்டம் வந்தாலும் குடிக்கமாட்டனெண்டு சொல்லிப்போட்டு ஏறு." சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். போத்தல் கழுவுவது அந்தச் சொல்லை மீறுவதாகாது. நாள்தோறும் வாயில் வைப்பது? ஒளித்துச் செய்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கேட்டுத்தான் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கடிதத்தில் எங்கள் கிணற்றை நினைவூட்டினேன். அக்கராயனில் காணி கிடைத்துக் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த புதிதில், காடு வெட்டிய கையோடு கிணறு வெட்டினோம். ஊறிய தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பார்ப்பது அம்மாதான். ஒரு மிடறு எடுத்துக் கண்ணை மூடுவார், பிறகு துப்புவார். "உவர். மூடிப்போட்டு அங்காலை வெட்டுங்கோ" என்பார். அப்பா மறுத்துப் பேசமாட்டார். இரண்டு கிணறுகளை அப்படி மூடினோம். நீங்கள் அன்றைக்குச் செய்த வேலையைத்தான் இங்கே எனக்குத் தருகிறார்கள், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவது, அவ்வளவுதான் என்று எழுதி அனுப்பினேன்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் பதில் வந்தது.

"நீ சொன்ன சொல்லை மீறேல்லை. ஒளிக்காமல் கேட்டதே போதும், அந்த வேலையைச் செய். ஆனால் தம்பி, நான் துப்பினது உவர்த் தண்ணியை. மூண்டாம் கிணத்திலை நல்ல தண்ணி வந்த அண்டைக்கு விழுங்கினனான். இனி இஞ்சைதான் எங்கடை சீவியமெண்டு அண்டைக்குத்தான் மனசிலை பட்டது. நீ நல்லதையும் துப்பிப்போட்டு அங்கை எப்பிடி இருக்கப்போறாய்?"

வேலையை ஏற்றுக்கொண்டேன். அதை விடப்போவதில்லை, கொடுத்த வாக்கையும் விடப்போவதில்லை. நேற்று மிஸ்டர் பெல் விசேஷத்துக்கென்று வைத்திருந்த பேர்கண்டி ஒன்றைத் திறந்தார். அதை மட்டும் யாரும் துப்பவில்லை. ஆறு பேரும் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வழக்கத்தைவிடக் கனநேரம் வாயில் வைத்திருந்தேன். பிறகு குனிந்து துப்பினேன். பஸ்ஸில் அறைக்கு வந்து, சோறாக்கி, முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகும் அந்த மணம் போகவில்லை. அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.