சந்தனம் கழுவிய மொட்டை

நேற்றுக் காலை மருமகள் அடுப்படியில் மிளகாய் வத்தல் வறுத்தாள், சாம்பார்ப் பொடிக்கு. நெடி கூடத்துக்கு வந்து சேரும் முன்பே என் கை தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. பழைய கமிஷன் கடைப் பழக்கம், கை தானாகச் செய்துவிடுகிறது. தும்மி முடித்து நிமிர்ந்தால் மருமகள் அடுப்படி வாசலில் நின்று சிரிக்கிறாள்.

"அங்க என்ன மாமா இருக்கு, தூசி படியறதுக்கு?"

நான் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அவளும் விடவில்லை. கரண்டியோடு வந்து, சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் படத்தை எட்டிப் பார்த்தாள். அதில் நான் தலைப்பாகையோடு நிற்கிறேன்.

"ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். ஒங்களுக்கு எப்பவாச்சும் முடி இருந்துச்சா மாமா? இல்ல, இந்தத் தலைப்பாக்குள்ளயும் இப்படித்தானா?"

நல்ல பெண்தான். ஆனால் கேட்ட குரலில் சந்தேகம் இருந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அறுபதுகளின் பிற்பாதியில், சாப்பாடு தூக்கத்துக்கு அடுத்தபடியாக நான் அதிகம் செய்த வேலை சந்தேகப்படுவதுதான்.

நமக்குள் சொல்வதற்கென்ன, எனக்கு முடி இருந்தது. நன்றாகவே இருந்தது. அந்தக் காலத்து இளவட்டங்கள் நெற்றிக்கு மேலே புஸ்ஸென்று தூக்கிச் சீவிக்கொண்டு திரிந்தபோது நானும் தூக்கிச் சீவியவன்தான். தூக்குவதற்கு மெல்ல மெல்லச் சரக்குக் குறைந்தது, அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் எனக்கு வழக்கமாக முடி வெட்டுகிறவர் ஒருநாள் சீவிக்கொண்டே வந்து, நெற்றிப் பொட்டருகே சீப்பைச் சற்று நிறுத்தினார். நிறுத்தவே இல்லை என்று அவர் பிற்பாடு சாதித்தார். நிறுத்தினார் என்பது என் கட்சி. கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி இரண்டு பக்கமும் ஓடைக்கரை மண் சரிந்த மாதிரி உள்ளே போயிருந்தது. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து ஜனங்களின் கண்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். பேசுகிறவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, அதற்கு ஒரு விரல்கடை மேலே பார்த்துப் பேசுகிறாரா என்பதுதான் கவலை. அதைக் கவனித்ததில் அவர் என்ன பேசினார் என்பது காதில் ஏறாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டேன். எங்கள் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மறைக்க மரமில்லாத கரிசல் காட்டில் பந்தல்குடியில் கிளம்பினால் நேரே என் நெற்றியில் வந்துதான் நிற்கும். பக்கத்து முடியை இழுத்து முன்னால் படியவைத்து நான் செய்த அரை மணி நேரத்து வேலையை ஒரே வீச்சில் கலைத்துவிட்டுப் போகும்.

வைத்தியமும் செய்தேன். காரியாபட்டிச் சந்தையில் ஒருவர் பச்சை நிறத்தில் ஒரு தைலம் விற்றார். பாறையில் தடவினாலும் பயிர் முளைக்கும் என்பது போலப் பேசினார். வாங்கிவிட்டு ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் யோசித்தேன், அந்த ஆள் தன் தலைப்பாகையை ஒருதடவைகூட அவிழ்க்கவில்லை. அடுத்து சின்ன வெங்காயம். நறுக்கித் தேய்த்தால் வேர்க்காலில் சூடு ஏறும் என்றார்கள். தேய்த்துவிட்டு வேலைக்குப் போனேன். முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடை முழுக்கச் சுற்றி வந்தார்.

"ஏலே, வத்தக் கடையில வெங்காய வாடை எங்கிட்டிருந்துலே வருது?"

மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்துதான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனாலும் அந்தக் கடை எனக்குக் கோவில். வத்தலும் மல்லியும் வந்து இறங்குகிற கமிஷன் கடை அது, நான் தராசில் நின்று எடை போடுகிறவன். தூசிக்காகவும் நெடிக்காகவும் முதலாளி முதற்கொண்டு எல்லாரும் காலை முதல் அந்தி வரை தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். அருப்புக்கோட்டையில் எந்த வேலையிலும் இப்படி ஒரு சலுகை கிடையாது. துண்டை வெளியே வந்தும் அவிழ்க்க மாட்டேன். ஆஸ்பத்திரியிலும் சினிமாக் கொட்டகையிலும் என்னைத் துண்டோடு பார்த்தவர்கள் உண்டு.

அந்தக் கடைக்குத் திருச்சுழிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து, சொந்தக் காட்டில் மல்லி போடுகிற ஒரு சம்சாரி வருவார். என்னை மிஞ்சிய சந்தேகப் பிராணி. எடை போட்டு முடிக்கும்வரை தராசுத் தட்டில் என் கட்டைவிரல் பட்டுவிடுகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் என் தலையைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு சித்திரையில் வண்டியில் மல்லி மூட்டைகளோடு மகளையும் கூட்டி வந்தார். சீனியம்மா. இறங்கியதும் நெடி ஏறித் தும்மினாள். தும்மிவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று இருந்தது. வேறு எப்படிச் சொல்வது?

கட்டைவிரல் விஷயத்தில் அவருக்குத் திருப்தி ஏற்பட்டிருக்க வேண்டும். ஆனியில் ஆள் மூலம் பேச்சு வந்தது. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் என்னைப் பெற்ற அய்யாவும் சரி என்றார். ஆடியில் நல்ல காரியம் பேசமாட்டார்கள் என்பதால், ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். அங்கேதான் பிடித்தது வினை. பெரியவர்கள் கூடிய சபையில் தலையில் துண்டோடு உட்கார முடியாது. அது அவமரியாதை. எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எடுத்தால் என் நெற்றி அந்த வீட்டுக் கூரை வரைக்கும் தெரியும்.

பல நாள் யோசித்துக் கண்டுபிடித்த வழி மொட்டை. மொட்டைத் தலையில் ஏறுநெற்றி ஏது? சாமிக்கு நேர்ந்துகொண்டது என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஆடிக் கடைசியில் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் பஸ் ஏறினேன். அம்மாவிடம், பழைய நேர்ச்சை ஒன்று பாக்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஆற்று மணலில் வரிசையாக உட்கார்ந்து மழித்துக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன். மேல் உதட்டில் தண்ணீர் பட்டபோதுதான் சுதாரித்தேன். அதற்குள் ஒரு பக்கம் போய்விட்டது.

"மீசையுமாண்ணே?"

"சாமிக்குத்தான தம்பி குடுக்கீக, அதுல என்ன கஞ்சத்தனம்?"

மீசையில்லாத என் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸின் கூட்டத்திலும் வெக்கையிலும் சந்தனம் வேர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கியது. அருப்புக்கோட்டை வந்ததும் பஸ் ஸ்டாண்டுக் குழாயில் தலையை நீட்டி அவ்வளவையும் கழுவிவிட்டேன். என் புத்தி என்னைக் கைவிட்ட இடம் அந்தக் குழாயடிதான்.

எங்கள் பக்கத்தில் மொட்டையைப் பார்த்ததும் கணக்குப் போட்டுவிடுவார்கள். சந்தனம் இருந்தால் சாமி மொட்டை. சந்தனமும் இல்லை, மீசையும் இல்லை, தோளில் வெள்ளைத் துண்டு என்றால் கொள்ளி வைத்த மொட்டை. நான் அந்தக் கோலத்தில், எரிகிற கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மீசை போன துக்கத்தில் தலைகுனிந்து நிற்கிறேன். அந்நேரம் திருச்சுழி பஸ் புறப்பட்டிருக்கிறது. அதில் சீனியம்மாவின் சித்தப்பா இருந்திருக்கிறார். எங்கள் அய்யா வைகாசியில் காய்ச்சலில் கிடந்தது அந்த வீட்டுக்குத் தெரியும். மிச்சத்தை அவரே கூட்டிக்கொண்டார்.

இழவு விசாரிக்கப் போவதை எங்கள் ஊர்களில் துட்டி கேட்பது என்போம். மறுநாள் காலை அவர்கள் வீட்டிலிருந்து ஒரு வண்டி ஆட்கள் துட்டி கேட்க வந்து இறங்கினார்கள். பெண்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

"சொல்லாமக் கொள்ளாம இப்பிடிப் பண்ணிப்புட்டீகளே மதினி!"

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா வாளியைப் போட்டாள். அழுதுகொண்டு வருகிறவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட அழுவதுதான் முறை. யார் செத்தது என்று அந்த நேரத்தில் கேட்பது மரியாதையில்லை. சம்பந்தி வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அம்மாவும் அவர்களுக்கு மேலே ஓங்கி அழுதாள். பெண்ணின் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்தபடி நின்றார்.  முடி சங்கதி தெரிந்து சம்பந்தம் வேண்டாமென்று சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அதற்கு ஏன் இத்தனை பேர் அழவேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

அப்போது கொல்லையிலிருந்து வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி அய்யா வந்தார்.

"என்ன தாயி, யாரு செத்தது?"

அழுகை அப்படியே நின்றது. ஒரு பெண், அய்யாவின் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு விஷயம் விளங்கி, முதலில் அய்யாதான் சிரித்தார். செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கூடும் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டாள். பெண்ணின் அப்பா மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"அப்ப மொட்டை எதுக்குத் தம்பி?"

"அய்யாவுக்குக் காச்ச வந்துச்சுல்ல மாமா. அதுக்கு நேந்துக்கிட்டேன்."

"நல்ல பிள்ள, நல்ல பிள்ள" என்று பெண்கள் நெட்டி முறித்தார்கள். அய்யா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் சந்தேகப் புத்தி உண்டு. எனக்கு வேறெங்கிருந்து வந்திருக்கும்?

புறப்படும்போது பெண்ணின் அத்தை வெள்ளைத்தாய் என்னைக் கூப்பிட்டாள். கட்டையான, கண் சிறுத்த பெண்மணி. காப்பி கொடுத்தபோதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

"இங்கிட்டு வாங்க மாப்ள, ஆசீர்வாதம் பண்ணிக்கிறேன்."

குனிந்தேன். பிடரியில் உள்ளங்கையை வைத்து, மெதுவாக உச்சிக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து நெற்றிக்கு இறக்கினாள். பானை அடியில் தானியம் கிடக்கிறதா என்று தடவுகிற கை அது. மழித்து ஒரு ராத்திரி ஆகிவிட்டதல்லவா, பின்னால் சொரசொரத்தது, முன்னால் வழுவழுவென்று இருந்திருக்கும். "ம்" என்றாள். அவ்வளவுதான், வண்டியில் ஏறிவிட்டாள். அந்த "ம்" பல வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆவணியில் மொட்டைத் தலையோடு போய்ப் பெண் பார்த்தேன், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவைத்தார்கள். எதற்குத் தள்ளினார்கள்? முடி முளைத்த பிறகு பார்த்து முடிவு செய்யத்தான் என்று நான் உள்ளுக்குள் வெந்தேன். முளைத்தது, போன இடத்தை விட்டுவிட்டு. ஆனால் தையில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் கட்டிய தலைப்பாகையோடு படம் எடுத்தார்கள். மறுநாள் எண்ணெய் தேய்க்க உட்காரவைத்த சீனியம்மா, எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் என் தலையையே பார்த்தாள். குறை எடுக்கிறாள் என்று நினைத்தேன். பொழுது போகிறது, சீக்கிரம் தேய் என்று எரிந்து விழுந்தேன்.

ஆயுசு கூடும் என்று சொன்னது பொய்யில்லை. எழுபதுகளின் கடைசியில்தான் அய்யா போனார். நிஜமாகவே மொட்டை போட்டேன். இந்தத் தடவை மழிக்கிறவருக்குப் பாதி வேலைதான். துட்டி கேட்க வந்தவர்களெல்லாம் போன ஒரு சாயங்காலம், சீனியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது? கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஒங்க அத்தை என் தலையத் தடவிப் பாத்தாகளே, ஒங்கிட்ட வந்து என்ன சொன்னாக?"

அவள் யோசிக்கவே இல்லை. நான் என்றைக்காவது கேட்பேன் என்று காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

"மாப்ளைக்கு முன்னாடி தரிசாக் கெடக்கு, இனி முளைக்காது, யோசிச்சுக்கடின்னாக. மழைக்கு மானம் பாத்த காட்டுல பொறந்தவளுக்கு இதுல என்னத்த யோசிக்க, பேஞ்ச எடத்துல பேயட்டும்னேன்."

"அப்ப எதுக்குத் தை வரைக்கும் தள்ளுனீக?"

"நாந்தான் தள்ளச் சொன்னேன். முழுசாப் போறதுக்குள்ள, இருக்கதையாச்சும் வளந்த மட்டும் ஒருக்காப் பாத்துக்கணும்னு இருந்துச்சு. அதத்தான் எண்ணெ தேச்ச அன்னைக்குப் பாத்தேன். நீங்கதான் வள்ளுன்னு விழுந்தீக."

என் மனசைத் தேற்றச் சொல்கிறாளோ என்று அப்போதும் ஒரு ஓரத்தில் சந்தேகம் வந்தது. புத்தி அப்படி. அவள் அதற்கும் சிரித்தாள்.

இப்போது அந்தக் கமிஷன் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். தலையில் துண்டு கட்டிய ஆளை டவுனில் பார்ப்பதே அபூர்வம். இளவட்டங்கள் இருக்கிற முடியையும் தாங்களே மழித்துக்கொண்டு, தலையை வெயிலுக்குக் காட்டியபடி வண்டியில் போகிறார்கள். ஒருவரும் துட்டி கேட்க வருவதில்லை. முடி வெட்டியவர், முதலாளி, கட்டைவிரல் பார்த்த மாமனார், தடவிப் பார்த்த வெள்ளைத்தாய், ஒருவரும் இல்லை. என் நெற்றிக்கு மேலே பார்த்துப் பேச இன்றைக்கு ஆளில்லை. சீனியம்மாவும் போன மழைக்காலத்தில் போய்விட்டாள்.

மருமகள் கரண்டியோடு இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"இருந்துச்சும்மா" என்றேன்.

"யாரு பாத்தா?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, படத்தில் என் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தேன்.