ஞாயிற்றுக்கிழமை வந்த பிள்ளைகள்

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. அரசாங்க மானியத்தில் தோட்டங்களில் நடந்த பாலர் வகுப்புகளை நேரில் பார்த்து, தரம் எப்படி என்று புள்ளி போட்டுக் கொடுக்க வேண்டும். ஆளைத் தெரிந்துதான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டேன். வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்றே பெயர். போதாததற்கு, அதிகாரி வருகிறார் என்றால் எல்லாரும் நாடகம் போடுவார்கள் என்று மேலதிகாரி வேறு ஓதி அனுப்பியிருந்தார்.

கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன். டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். அதே தோட்டத்துப் பெண். என்னைப் பார்த்து அவர் பதறவே இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பாடினார்கள், நிறங்களைச் சொன்னார்கள், கை கழுவிவிட்டு வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. நான் வருவதை யாரோ முன்கூட்டியே காதில் போட்டிருக்கிறார்கள், அம்மாள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கம் புரட்டியதும் எனக்கு உள்ளே ஜிவ்வென்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வந்ததாகக் குறித்திருந்தது! எல்லா ஞாயிறும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. அது மட்டுமா, சில வார நாள்களில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. கட்டமெல்லாம் காலி. ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளுக்கும் காய்ச்சலா வரும்? வகுப்பைப் பூட்டிவிட்டு எங்கேயோ சுற்றப் போயிருக்கிறாள், பிறகு ஒரே மூச்சில் உட்கார்ந்து தேதிகூடப் பார்க்காமல் நிரப்பியிருக்கிறாள், வசமாக மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது கதை சொல்வார், நான் இளகிவிடுவேன் என்ற பயம். பதிவேடு பொய், மானியத்தை நிறுத்தலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். மானியம் நின்றால் வகுப்பும் நிற்கும், அவர் வேலையும் போகும், அந்தப் பிள்ளைகளுக்கும் போக வேறு இடம் கிடையாது. அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன், அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய கதவைக் கண்ணால் பார்த்துவிட்டு வா என்றார் மேலதிகாரி.

அந்த வாரம் புதனும் வியாழனும் நல்ல மழை. ஞாயிறு காலை வெயில் அடித்தது. டாக்சி பிடித்துப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள்: நான் வருவது மேலதிகாரி ஒருவருக்குத்தான் தெரியும், அவரேதான் தகவல் கொடுத்துவிட்டாரோ என்று அவரையும் ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன்.

லீவு நாளில் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று டீச்சரை அதட்டலாகவே கேட்டேன். இதை ஏன் கேட்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"மழ பேஞ்சா மரம் வெட்ட மாட்டாங்க மிஸ். அம்மா அப்பா வீட்ல இருப்பாங்க, புள்ளைங்களும் வராது. வுட்டுப்போன வெட்ட ஞாயித்துக்கெழம வச்சு எடுப்பாங்க. அன்னிக்கு நான் லீவு எடுத்துக்கிட்டா, புள்ளைங்கள வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாங்க லா."

ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டா என்றேன். இல்லையாம். அப்புறம் ஏன் பதிவேட்டில் குறித்தீர்கள் என்றேன். "வந்துச்சுங்க, அதான் போட்டேன்" என்றார்.

ஈப்போ டவுனில் கடை வீட்டில் வளர்ந்தவள் நான். மரம் வெட்டுவது என்றால் பாலுக்காக ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறுவது, அந்தப் பட்டை நனைந்தால் தோட்டத்தில் வேலை இல்லை என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த லட்சணத்தில் தோட்டத்து வகுப்புக்குத் தரம் பார்க்க வந்துவிட்டேன். வெட்கத்தில் அங்கே நிற்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேலதிகாரியிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார், நம்பவும் செய்தார். ஆனால் இந்தப் பதிவேட்டை மேலிடத்தில் யார் புரட்டினாலும் நான் நினைத்ததைத்தான் நினைப்பார்கள் என்றார். அரசாங்க நாள்காட்டியோடு ஒத்துப்போகிற பதிவேடு வந்தால் அறிக்கையை மாற்றலாம், இல்லாவிட்டால் பழையதுதான் போகும் என்று சொல்லிவிட்டார்.

புதுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன். பிள்ளைகள் போனபின் இருவரும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடச் சொன்னேன். அப்படியே விட்டார். முதல் மழை நாள் வந்ததும் அவர் பேனா நின்றது.

"வராத புள்ளைய வந்துச்சுன்னு போடச் சொல்றீங்களா மிஸ்?"

கோபம் இல்லை, குத்தல் இல்லை, தெரியாமல்தான் கேட்டார். பேனாவை வாங்கி, மழை நாள்களை எல்லாம் நானே நிரப்பினேன்.

மானியம் நிற்கவில்லை. வகுப்பு தொடர்ந்து நடந்தது. என் புது அறிக்கையில் அந்தப் பதிவேட்டுக்கு முழுப் புள்ளி. அதன்பிறகு தைப்பிங், லூமுட் என்று எத்தனையோ வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். கட்டம் தப்பாத, அழகான பதிவேடுகளை நீட்டினார்கள். ஒன்றையும் நான் முழுதாக நம்பியதில்லை. ஆனால் டீச்சரிடம் கேட்காமல் புள்ளி போட்டதும் இல்லை.

பொய்க்காரி என்று நான் எழுதிக் கொடுத்த அந்தப் பெண்ணின் பதிவேட்டில், பொய்யாக இருந்ததெல்லாம் நான் என் கையால் எழுதியது மட்டும்தான் என்பது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.